துளசிமணி அக்காவின் ஐந்தாவது சிட்டிங்

வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. காங்கேயம் கிளையின் ஜன்னலைத் திறந்தபோது நான் முதலில் பார்த்தது, வாசலின் மூன்றாவது படியில் தனியாகக் கிடந்த ஒரு பெண்ணின் செருப்பு. பழுப்பு நிறம், இடது கால், வார் அறுந்திருக்கவில்லை. செருப்புக்குச் சொந்தக்காரர் அதற்குள் பத்தடி தள்ளிப் போயிருந்தார். வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால். வெயில் ஏறிய சிமெண்டுத் தரையில், ஒன்றும் நடக்காததுபோல, கணவர் நிறுத்தியிருந்த மொபெட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

பத்து நிமிடத்துக்கு முன்புதான் நான் அவருடைய கழுத்தை இழுத்து முடித்திருந்தேன்.

இந்த வருடம் பிசியோதெரபி முடித்துவிட்டு எங்கள் மையத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் இந்த வேலையில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கழுத்தையும் இடுப்பையும் இழுக்கிற கருவிகளோடு கழிந்தது. எத்தனை கிலோ, எத்தனை நிமிடம், பட்டையைத் தாடையில் எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும்.

அப்போது எங்கள் மையம் கோயம்புத்தூரில் இருந்தது. காங்கேயத்தில் ஒரு சிறு கிளை. திங்களும் வியாழனும் நான் பேருந்தில் போய் வருவேன். கழுத்தை இழுக்கிற ஒரு ட்ராக்‌ஷன் கருவி, ஒரு மேசை, சூட்டு ஒத்தடம் தருகிற ஒரு பெட்டி, நடுவில் ஒரு பச்சைத் திரை. துணைக்கு ஈஸ்வரி. அவர் கிளையைக் கூட்டித் துடைப்பார், நோயாளிகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவார், வரிசைப்படி கூப்பிடுவார். எங்கள் எலும்பு மருத்துவர் சனிக்கிழமை மட்டும் அங்கே வந்து நோயாளிகளைப் பார்ப்பார். அவர் சீட்டில் எழுதியதை நான் செய்வேன்.

துளசிமணி அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. தேங்காய்ப் பருப்பு காயவைக்கிற களம் ஒன்றைக் கணவர் செல்லமுத்துவும் அவரும் சேர்ந்து நடத்தினார்கள். உடைத்த தேங்காய் மூடிகளைக் கூடையில் தலைச்சுமையாகச் சுமப்பது, காய்ந்தபின் கத்தியால் நெம்பிப் பருப்பைத் தனியே எடுப்பது என்று இருபது வருட வேலை. வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை வலி என்று வந்தார். எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு தேய்ந்திருந்தது. சீட்டில் பத்து சிட்டிங் ட்ராக்‌ஷன் என்று எழுதியிருந்தது. நான் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தையும் கையையும் சோதித்தேன். காலைச் சோதிக்கவில்லை. கால் வலிக்கிறதென்று அவர் சொல்லவில்லை.

அவர் எதையும் சொல்லமாட்டார் என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். இதை வெளியூரிலிருந்து வந்திருக்கிற நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருப்பார்கள். கருவியோடு ஒரு நிறுத்தும் பொத்தான் வரும். அதை நோயாளியின் கையில் கொடுத்து, வலித்தால் அழுத்துங்கள் என்று சொல்வோம். காங்கேயத்தில் அதை அழுத்தியவர்களை என் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒருமுறை ஒரு லாரிக்காரர் பதினைந்து நிமிடமும் தாடைப் பட்டையில் தோல் மாட்டிக்கொண்டே படுத்திருந்தார். பட்டையைக் கழற்றினால் ரத்தம் கட்டியிருக்கிறது.

"ஏனுங்க, பொத்தான அமுக்கியிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"நீங்க போன் பேசீட்டு இருந்தீங்க. எதுக்குங்க தொந்தரவுன்னு உட்டுட்டேன்" என்றார்.

துளசிமணி அக்காவும் அதே ஊர்தான். ஒவ்வொரு சிட்டிங் முடிந்ததும், "எப்படி இருக்குதுங்கக்கா?" என்று கேட்பேன். "பரவால்லீங்க டாக்டரம்மா" என்பார். நான் டாக்டர் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதற்கும் "பரவால்லீங்க" என்றுதான் சொன்னார். மூன்றாவது சிட்டிங்கில் அவருடைய இடது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்னாச்சுங்க?"

"பருப்பு நெம்பறப்ப கத்தி பட்டுருச்சுங்க. பரவால்லீங்க."

இருபது வருடமாகப் பருப்பு நெம்புகிறவருக்கு இப்போது ஏன் கத்தி பட்டது என்று நான் கேட்கவில்லை. வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். குறைந்திருக்கிறது என்றார். அது உண்மை. பதிவேட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன்.

நான்காவது சிட்டிங்கின்போது, கருவி ஓடிக்கொண்டிருக்கையில், ஈஸ்வரி திரைக்கு வெளியே என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னார்.

"மேடம், அந்தக்கா செருப்ப ரெண்டு தடவ நாந்தானுங்க ஓடிப்போயி எடுத்துக் குடுத்தேன். உட்டுப்போட்டது தெரியாமயே போறாங்க."

"அளவு பெருசா வாங்கியிருப்பாங்க ஈஸ்வரி" என்றேன்.

அந்தப் பதில் என் வாயிலிருந்துதான் வந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. நம் மையங்களில் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிறார்கள். திரையிலிருந்து மேசைக்கு நாலு அடி தூரம். அதையும் ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அதனால் எங்களிடம் வந்த யாரும் செருப்பு போட்டு நடப்பதை நான் பார்த்ததே இல்லை. ஈஸ்வரி தினமும் பார்த்தார்.

வியாழக்கிழமை ஜன்னலிலிருந்து நானே பார்த்தபோதுதான் அவர் சொன்னது காதில் ஏறியது. செருப்பு காலை விட்டுப் போவது அக்காவுக்குத் தெரியவில்லை. சூடும் தெரியவில்லை. செல்லமுத்து மொபெட்டைக் கிளப்பிவிட்டார்.

"ஈஸ்வரி, அவங்கள நிறுத்து. வண்டில ஏத்த வேண்டாம்."

ஈஸ்வரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினார். நான் பின்னால் போய் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். "செருப்புக்காகவா கூப்பிட்டீங்க? கெரகம், இது ஒண்ணு அப்பப்ப கழண்டு போவுதுங்க" என்று சிரித்தார். அவர் படியேறும்போது முதல் தடவையாகக் காலைப் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் பாதம் முதலில் படியைத் தேடியது.

பரிசோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கையை வேகமாக மூடித் திறக்கச் சொன்னேன். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒட்டியிருந்ததைப் பிரிக்கிற மாதிரி திறந்தன. பத்து விநாடியில் வலது கை பதினொன்று, இடது கை ஒன்பது. இருபதாவது வர வேண்டும். நடுவிரல் நகத்தைச் சுண்டினேன். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். இரண்டாவது அடியில் சுவரைப் பிடித்தார்.

மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. கழுத்தில் பக்கவாட்டு நரம்பு மட்டும் நசுங்கினால் கை வலிக்கும். இழுத்தால் வலி குறையும். நடுவில் ஓடுகிற தண்டுவடமே நசுங்கினால் கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக நம் பேச்சைக் கேட்காமல் போகும். அப்படிப்பட்டவர் கழுத்தை இழுக்கவே கூடாது. துளசிமணி அக்காவுக்கு இரண்டும் இருந்தன. இழுக்க இழுக்க வலி குறைந்தது. அதனால் நாங்கள் இருவருமே குணமாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதை ஆண்கள் முன்னால் கேட்க முடியாது. செல்லமுத்துவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடினேன்.

"அக்கா, ஜாக்கெட் ஊக்கு நீங்களே மாட்டறீங்களா?"

"மருமகதானுங்க மாட்டுது."

"எத்தன நாளா?"

"ஆடிக்கு முன்னாடியிருந்துங்க. கை நிக்கறதில்லீங்க. நான் ஒண்ணும் சொல்லல, அதுவே பாத்துட்டு மாட்டி உட்டுது. நல்ல புள்ளைங்க."

அது ஐப்பசி மாதம். மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. பிறகு கேட்டேன்.

"ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியுதுங்களா?"

அவர் திரையைப் பார்த்தார். முந்தானையை எடுத்து மடியில் வைத்து, அதன் ஓரத்தை மடித்தார். மடிப்பு நிற்கவில்லை. மறுபடி மடித்தார்.

"ரெண்டு நாளு, எந்திரிக்கறதுக்குள்ளயே போயிருச்சுங்க" என்றார். "ஊட்டுல யாருகிட்டயும் சொல்லலீங்க. வெடியக்கால எந்திரிச்சு நானே அலசிப்போட்டேன். அவருகிட்ட சொல்லீராதீங்க கண்ணு."

அதுவரை டாக்டரம்மா என்றவர் அப்போது கண்ணு என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடியில் பலம் இல்லை.

"சொல்லித்தான் ஆகோணுங்கக்கா. பக்குவமாச் சொல்றேன்."

அவரை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்து அசையாதபடி கெட்டிப் பட்டையைப் போட்டேன். மருத்துவரைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் அறுவை அரங்கில் இருந்தார். போனை எடுத்த நர்ஸ், வெளியே வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். மணி பதினொன்று முப்பத்தைந்து. அவர் பேசுகிறவரை காத்திருப்பதுதான் முறை. பத்து சிட்டிங் எழுதியவர் அவர். நிறுத்துகிற அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் வெளியே செல்லமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

"டாக்டரம்மா, நேரமாவுதுங்க. ஞாயித்துக்கெழம பேரனுக்குக் காது குத்தறோமுங்க, சிவன்மலைல. ஒறம்பரைச் சனம் நாளைக்கே வர ஆரம்பிச்சுருவாங்க."

"அண்ணா, அக்காவ வண்டில கூட்டிட்டுப் போகக் கூடாதுங்க. கோயமுத்தூருக்கு அனுப்போணும். இன்னைக்கே."

"எதுக்குங்க? வலி பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்குதுங்களே. அதுலயும் ஊட்டுல மாட்டுனதுக்கப்பறம் நல்லாத் தூங்குதுங்க."

"ஊட்டுல என்ன மாட்டுனீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானுங்களே சொன்னீங்க. கதவுல மாட்டறது."

இரண்டாவது சிட்டிங் அன்று, பதிவேட்டை எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள்தானே வருகிறோம், கதவில் மாட்டுகிற ட்ராக்‌ஷன் கிட் கிடைக்கிறது, வாங்கி வைத்தால் நல்லதுதான் என்று. நூறு பேருக்குச் சொன்ன வாக்கியம். எனக்கு மறந்துவிட்டது. அவர்கள் மறக்கவில்லை. மகன் போனில் ஆர்டர் போட்டு இரண்டு நாளில் வந்திருக்கிறது. தாடைப் பட்டை, கயிறு, சின்னக் கப்பி, மறுமுனையில் தொங்கவிட ஒரு தண்ணீர்ப் பை. பையில் ஒரு சிவப்புக் கோடு.

"அந்தக் கோடு வரைக்குந்தானுங்க மொதல்ல ஊத்துனேன்" என்றார் செல்லமுத்து. "ரெண்டு நாளு கழிச்சு ஒரு சொம்பு எச்சா ஊத்துனனுங்க. சீக்கிரம் செரியாகட்டும்னு. எட்டு நாளா, காத்தாலயும் பொழுதோடயும்."

திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவரு அது முடியற வரைக்கும் எதுக்கால சேர் போட்டு உக்காந்துக்குவாருங்க. டிவிகூடப் போட மாட்டாரு."

"உனக்குத் திரும்பிப் பாக்க முடியாதில்ல. அப்பறம் நா மட்டும் எதுக்குப் பாக்கறது" என்றார் செல்லமுத்து, திரையைப் பார்த்து.

இருபது நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. நான் வாரத்தில் இரண்டு முறை இழுத்ததைவிட அதிகமாக, வீட்டுக் கதவடியில் ஒரு மனிதர் அத்தனை அக்கறையோடு இழுத்திருக்கிறார். சீக்கிரம் குணமாகட்டும் என்றுதான் கூடுதலாக ஊற்றியிருக்கிறார். அது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான்.

இந்த ஊரில் நல்லபடியாகப் பேசி வளர்ந்த யாருக்கும், எதிரே நிற்கிறவரைப் பயமுறுத்துவது எளிதல்ல. "ஒருக்கா ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாமுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் உடனே, "செரீங்க, காதுகுத்து முடிஞ்சு திங்கக்கெழம வந்தர்றோமுங்க" என்றார். தவறு என் வாக்கியத்தில் இருந்தது. 'பார்த்துக்கலாம்' என்றால் இங்கே யாரும் இன்றைக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுபடி சொன்னேன், இந்த முறை இனிப்புத் தடவாமல். "அண்ணா, அக்காவுக்குக் கழுத்துல தண்டுவடம் நசுங்கியிருக்குது. கை ரெண்டும் போயிட்டிருக்குது. காலும் போகும். மொபெட்ல ஒரு வேகத்தடைல தூக்கிப் போட்டாக்கூட மோசமாகலாம். திங்கக்கெழம வரைக்கும் வெக்க முடியாது. அக்கா ரெண்டு நாளு படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிருக்காங்க. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுட்டாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையிலிருந்த வண்டிச் சாவியைப் பார்த்தார்.

"மெத்தைய அலசிப் போட்டிருந்துது" என்றார். "பேரன் போயிருப்பான்னு நெனச்சேன்."

ஆம்புலன்ஸ் கூப்பிடப் போகிறேன் என்றதும் தலையை ஆட்டினார். "அது வேண்டாமுங்க. மச்சான் கார் இருக்குது. ஆம்புலன்ஸ்ல போனா ஊர்ல எளவுக்குக் கெளம்பிருவாங்க."

"காருன்னா உக்காந்துதான் போக முடியும். அக்கா படுத்துட்டுத்தான் போகோணுங்க."

"சத்தம் போடுமுங்களே அது."

"சத்தம் போட வேண்டாம்னு சொல்லிர்றேன்."

"செரீங்க, அப்பன்னா செரீங்க" என்றார். மேசையிலிருந்து அக்காவின் குரல் மறுபடி வந்தது. "ஏனுங்க, காதுகுத்த நிறுத்தீராதீங்க. தாய்மாமனுக்குச் சொல்லியாச்சு. நா இல்லாட்டி என்ன, காது என்னோடதா குத்தறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஈஸ்வரி சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். பட்டை போட்டிருந்ததால் வாய் முழுதாகத் திறக்கவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு மருத்துவர் பேசினார். ஆம்புலன்ஸ் அப்போது வந்துகொண்டிருந்தது.

"சார், துளசிமணின்னு, நீங்க பத்து சிட்டிங் எழுதியிருந்தீங்க. நான் அஞ்சோட நிறுத்திட்டேன். கோயமுத்தூருக்கு அனுப்பறேன்."

"யாரக் கேட்டு நிறுத்துனீங்க?"

"யாரையும் கேக்கலீங்க சார். கை மூடித் தொறக்க முடியல. கட்டைவிரல் துள்ளுது. நடை தள்ளாடுது. யூரின் ரெண்டு தடவ போயிருக்குது."

எதிர்முனையில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. அது தூரமாகப் போய் நின்றது.

"நான் கால டெஸ்ட் பண்ணுனனா?"

"சீட்டுல எழுதலீங்க சார்."

"எழுதலீன்னா பண்ணல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க?" என்றார்.

"நானும் பண்ணலீங்க சார்."

"படுக்க வெச்சே அனுப்புங்க. ஸ்கேனுக்கு நான் சொல்லிர்றேன். வந்ததும் நானே பாக்கறேன்."

அவ்வளவுதான் பேசினோம். அவர் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பிற்பாடு அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் வந்ததில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் சீட்டில் நோயாளியின் நடையைப் பற்றி ஒரு வரி இருந்தது. அவர் ஓய்வு பெறுகிறவரை இருந்தது.

அன்று சாயங்காலம் எடுத்த ஸ்கேனில் தண்டுவடம் இரண்டு இடங்களில் நசுங்கியிருந்தது. சனிக்கிழமை காலை தண்டுவட அறுவை மருத்துவர் ஒருவர் அறுவை செய்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. பத்து மணிக்கு மருத்துவமனைக்குப் போனேன். செல்லமுத்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரும் சிவன்மலையில். போனில் வந்த படத்தைக் காட்டினார். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து பேரன் வாய் பிளந்து அழுதுகொண்டிருந்தான்.

"பாட்டிய உள்ள போயிப் பாத்தனுங்க. காட்டுனேன். அழுவாச்சியப் பாத்துச் சிரிக்குது" என்றார். பேரன் வந்தபிறகு மனைவியை அவர் பாட்டி என்றுதான் சொல்வார்.

பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்க. மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்கண்ணா."

"நா அந்த ஒரு சொம்பு எச்சா ஊத்துனதுனாலயாங்க?"

'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அப்படிச் சொல்வதுதான் நம் வழக்கம். அவர் அதை நம்பவும் மாட்டார், ஆனால் 'செரீங்க' என்று சொல்லிவிடுவார். பிறகு அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய், யாரிடமும் கேட்காமல் வைத்துக்கொள்வார். ஆடியிலிருந்து அக்கா ஒன்றை அப்படி வைத்துக்கொண்டதால்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

"தெரியலீங்கண்ணா" என்றேன். "எந்த டாக்டராலயும் அத அளந்து சொல்ல முடியாது. இந்த நோவு பல மாசமா உள்ள வந்துட்டிருந்துது. நீங்க பைய மாட்டறதுக்கு முன்னாடியே ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியல. ஆனா இழுத்திருக்கக் கூடாது, அது நெசம். நானும் அஞ்சு தடவ இழுத்திருக்கறனுங்க. கதவுல மாட்டறத வாங்கச் சொன்னதும் நாந்தான். எப்படி மாட்டறது, யாரு மாட்டக் கூடாதுன்னு சொல்லாம உட்டதும் நாந்தான்."

அவர் வெகுநேரம் தரையைப் பார்த்தார். எதிரே ஒரு பணியாளர் தரை துடைத்துக்கொண்டு போனார்.

"அப்ப ரெண்டு பேருமுங்க" என்றார்.

"ஆமாங்க. ரெண்டு பேரும்."

பக்கத்திலிருந்த பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினார். டம்ளர் ஒன்றுதான் இருந்தது. அதில் மிச்சத்தை ஊற்றி அவர் குடித்தார்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த விதத்தில் சில மாற்றங்கள் வந்தன. முதல் நாள் வருகிற நோயாளியை நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு எதிர்பார்ப்பதில்லை. வாசலுக்குப் போய், வண்டியிலிருந்து இறங்குவதையும் படியேறுவதையும் பார்ப்பேன். 'எப்படி இருக்கிறது' என்ற கேள்வியை விட்டுவிட்டேன். அதற்கு இந்த ஊரில் ஒரே பதில்தான் உண்டு. காலையில் எழுந்ததிலிருந்து கையால் என்னென்ன செய்தீர்கள், எதை வேறு யாராவது செய்து தந்தார்கள் என்று கேட்பேன். கதை சொல்லச் சொன்னால் நம் மக்கள் சொல்வார்கள். புகார் சொல்லத்தான் கூச்சம். நிறுத்தும் பொத்தானைக் கையில் கொடுத்ததும், ஒருமுறை என் முன்னாலேயே அழுத்தவைப்பேன். அழுத்தினால் எனக்குக் கோபம் வராது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீட்டுக் கருவியைப் பற்றி ஒன்று. இப்போது அது எல்லோர் போனிலும் கிடைக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டாலும் வாங்குவார்கள். வாங்கினீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். யார் மாட்டிவிடுகிறார்கள் என்று கேட்டு, அந்த ஆளை அழைத்து வரச் சொல்லுங்கள். எச்சாகத் தண்ணீர் ஊற்றுகிறவர் பெரும்பாலும் அந்த நோயாளியின்மீது உயிராக இருப்பவர். அவரிடம் மெதுவாகப் பேசுங்கள்.

யாராவது ஒருவர் தரையைக் கூட்டிக்கொண்டே வந்து உங்களிடம் ஏதாவது சொன்னால், கருவி ஓடட்டும், திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஈஸ்வரியிடம் நான் அந்த வாரமே மன்னிப்புக் கேட்டேன். "அட, அதுக்கென்னங்க மேடம், பரவால்லீங்க" என்றார். பரவாயில்லை என்று சொல்லக் கூடாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரீங்க. அன்னைக்கு எனக்குக் கோவந்தானுங்க" என்றார். அதன்பிறகு அந்தக் கிளையில் அவர் சொன்ன எதையும் பதிவேட்டில் எழுதாமல் விட்டதில்லை.

துளசிமணி அக்கா ஏழு மாதம் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். முதலில் ஆம்புலன்ஸில், பிறகு மச்சான் காரில், பிறகு மருமகளோடு பேருந்தில். நடை நன்றாகத் திரும்பியது. இரவுத் தொந்தரவு நின்றது. இடது கை முக்கால்வாசி வந்தது, வலது கை பாதி. களத்து வேலைக்கு இனிமேல் போகக் கூடாது என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். தலையில் எதையும் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அக்கா களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களை விரட்டுகிறார் என்று செல்லமுத்து சொன்னார். "முன்ன விட இப்பத்தானுங்க எங்களுக்கு வேல சாஸ்தி" என்றார்.

நான் ஓய்வு பெற்ற வருடம், தை மாதத்தில் ஒருநாள், இரண்டாவது மகனின் கல்யாணப் பத்திரிகையோடு இருவரும் கோயம்புத்தூருக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். தட்டில் பழம், வெற்றிலை, மேலே பத்திரிகை. உறையில் பெயர் எழுதியிருக்கவில்லை.

"மறந்துட்டீங்களாக்கா?" என்றேன்.

"மறக்கலீங்க. என்ற கையால எழுதித் தரோணும்னுட்டு அப்பிடியே கொண்டாந்தேன். மத்ததெல்லாம் பையன் எழுதுனான். பேனா இருந்தாக் குடுங்க கண்ணு."

கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இடது கையால் உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினார். செல்லமுத்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

என் பெயரில் ஐந்து எழுத்து. எழுதி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் நிமிரவில்லை.